மூடியின் உட்புறம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை எழுதும் தகுதி எனக்கு இல்லை. இதன் முக்கியமான வரிகளை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து அழித்தவன் நான்தான்.

பழைய மரப்பெட்டிகள் விற்கும் கடையில் வேலை. வருகிற பெட்டியைத் தேய்த்துப் பாலிஷ் போடுவேன். பிறகு அதன் பூர்வீகத்தை ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிடுவேன். 'கப்பல் வணிகர் வீட்டுப் பெட்டி, ஐந்து தலைமுறை கண்டது.' கப்பலும் கிடையாது, வணிகரும் கிடையாது. முதலாளி படித்துப் பார்த்து, "இன்னும் ரெண்டு தலைமுறை சேத்துக்கய்யா, நம்ம கையையா கடிக்குது?" என்பார்.

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். 'பித்தளைப் பூண் போட்ட அந்தத் தேக்குப் பெட்டி மழையில் வந்து இறங்கியபோது…'

(மழை பெய்யவில்லை. சோகம் என்றால் மழையைக் கூப்பிடும் புத்தி என்னை விட்டுப் போகாது.)

நடந்தது இதுதான். ஒருவர் வந்து, அப்பா இறந்துவிட்டார், வீட்டைக் காலி செய்கிறேன் என்று பெட்டியை விற்றுவிட்டுப் போனார். மூடியைத் திறந்தேன். உட்புறம் முழுக்கப் பென்சில் எழுத்து. தண்ணி. ஜன்னலச் சாத்து. முதுகு வலிக்குது. கீழே, மரத்தில் பள்ளம் விழும்படி அழுத்தி: அவ எங்க? அதற்கும் கீழே: அவ ஏன் வரல? நான் என்ன தப்பு பண்ணேன்?

படித்தேன். யாரோ எவரோ என்று நினைத்தேன். தேய்த்தேன். கடைசி வரி ஆழமாக இருந்ததால் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருந்தது.

3

ஒரு வாரம் கழித்து, நாலுகால் ஊன்றுகோலைத் தள்ளிக்கொண்டு ஒரு அம்மா வந்தார். பெட்டியை விற்றவரின் தாய்.

"வாங்க வரல தம்பி. மூடிய ஒருவாட்டி திறந்து காட்டுங்க, போதும். தொண்டையில ஆபரேஷன் பண்ணதுலேருந்து எங்க வீட்டுக்காரருக்குப் பேச்சு இல்ல. தாளப் பிடிச்சு எழுதக் கை நடுங்கும். கட்டிலோரம் இருந்த இந்த மூடியத் திறந்து சுவத்துல சாச்சு வெச்சுருவேன். அதுலதான் எழுதுவாரு. நான் இல்லாதப்ப என்ன எழுதினாருன்னு பாக்கணும்."

குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு முறிந்து, அந்த அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தது பத்தொன்பது நாள். பெரியவர் பயந்துவிடுவார் என்று மகன் அவரிடம் சொல்லவில்லை. அவர் எழுதிக் கேட்டபோதெல்லாம் "வந்துருவாங்கப்பா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பதினாறாம் நாள் பெரியவர் போய்விட்டார். அம்மா தாங்கமாட்டார் என்று அதையும் மகன் மறைத்தார், வீட்டுக்கு அழைத்து வரும்வரை.

(மகனை வில்லனாக்கி இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். நிற்கவில்லை. வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடி ஓடித் தேய்ந்த மனிதர். இரண்டு பேரையும் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டார்.)

மூடியைத் திறந்தேன். பாலிஷ் வாசனை. அந்த அம்மா வெறும் மரத்தை உள்ளங்கையால் தடவினார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் பூணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்கதானே தேச்சது?"

"ஆமாம்மா."

"படிச்சீங்களா?"

4

இந்த இடத்தில் வேறு பதில்களையும் எழுதிப் பார்த்தேன். 'படிக்கலம்மா.' அப்படிச் சொல்லியிருந்தால் வெறும் முட்டாளாகத் தப்பித்திருப்பேன். உண்மையைச் சொல்லும் வாக்கியம் 'அம்மா, அவரு உங்கள…' என்பதோடு நின்றுவிடுகிறது.

நான் சொன்னது இது: "படிச்சேம்மா. 'நிம்மதியா இருக்கேன், எனக்கு ஒரு குறையும் இல்ல'ன்னு எழுதியிருந்தாரு."

அட்டை எழுதிப் பழகிய வாய். தடங்கலே இல்லாமல் வந்தது.

அந்த அம்மா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினாறு நாள் நான் பக்கத்துல இல்ல," என்றார். "என்னைத் தேடவே இல்லையா அவரு?"

5

நிஜத்தில் அந்தக் கேள்விக்கு நான் வாயைத் திறக்கவில்லை. அவர் சற்று நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

கதையில் அவரைப் போகவிடாமல் வைத்திருக்கிறேன். தேடினார் என்று சொன்னால், எப்படித் தேடினார் என்று கேட்பார்; மூடியில் இருந்த அந்தக் கேள்விகளைச் சொல்லியாக வேண்டும். தேடவில்லை என்று விட்டால்…

என்னால் முடியவில்லை. ஊன்றுகோலைத் திருப்ப இடம் போதாமல் பெட்டிகளுக்கு நடுவே நிற்கிறார். நீங்கள் சொல்லுங்கள். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். மெதுவாகச் சொன்னால் போதும்.