ஆல்கஹாலில் மிச்சமிருந்த தண்ணீர்

1.

இந்தக் கதை என் சமையலறையில் நடந்த ஒரு தோல்வியிலிருந்து வந்தது. அதை லிசாந்த்ரோவிடம் கொடுத்துவிட்டேன். அவனுக்கும் முப்பத்தொரு வயது. அவனும் மனைவியை இழந்தவன். (மனைவி உயிரோடிருப்பவனாக எழுதிப் பார்த்தேன். இரண்டு வரிக்கு மேல் போகவில்லை.)

2.

முதல் தொடக்கம்: ‘போசாதாஸ் நகரில் அன்று மழை, லிசாந்த்ரோவின் நெஞ்சிலும்—’

வேண்டாம். மழை பெய்தது, அவ்வளவுதான்.

தேநீர்போல் தினமும் குடிக்கும் மாத்தே இலையிலிருந்து காஃபீனைப் பிரித்தெடுப்பது அவனும் மனைவி மைலேனும் வீட்டில் செய்துவந்த பொழுதுபோக்கு. ஒரு கிலோ இலையைக் காய்ச்சி அவள் மூன்று கிராம் பழுப்புத் தூள் எடுத்தாள். ‘அடுத்து: ஊசி’ என்று குப்பியில் சீட்டு ஒட்டினாள். அடுத்த வாரம் இறந்தாள்.

தூளைச் சூடான ஆல்கஹாலில் கரைத்து ஆறவிட்டால் வெள்ளைப் படிக ஊசிகளாகப் படியும். அவன் செய்தபோது எதுவும் படியவில்லை. ஆல்கஹாலில் மிச்சமிருந்த தண்ணீர் காஃபீனைப் படிய விடவில்லை. வற்றவைத்துச் சுரண்டியதில் இரண்டு கிராம் தேறியது; அதே குப்பியில் போட்டான். இன்னொரு முறைக்குத்தான் காணும்.

3.

எப்சம் உப்பை அடுப்பில் நன்றாகச் சுட்டால், தண்ணீரைக் குடிக்கும் வெள்ளைப் பொடியாகும். மைலேனின் தம்பி நிக்கானோர் வழக்கம்போல் வந்து நின்றான்.

“உப்பையா சுடுறீங்க மச்சான்? ரொட்டி சுட்டாலாவது திங்கலாம்.”

“ஆல்கஹால்ல இருக்கிற தண்ணிய எடுக்கடா.”

“நீங்க தண்ணிய எடுங்க, நான் மாத்தேக்குத் தண்ணி வைக்கிறேன். நல்ல குடும்பம்.”

ஆறவைத்த பொடி, கெட்டிலின் மூக்கருகே ஒரு மணி நேரம் திறந்து கிடந்தது. அந்த வீட்டில் கெட்டில் அடுப்பை விட்டு இறங்கியதே இல்லை. யாரும் அதைப் பார்ப்பதும் இல்லை. ஆல்கஹாலில் போட்டதும் பொடி மிதந்து அலையவில்லை, கட்டி தட்டியது. கெட்டிலின் ஆவியிலேயே பொடிக்கு வயிறு நிரம்பிவிட்டது.

“நான்தான் கெடுத்தேனா?”

“கெட்டில்.”

(நிக்கானோர் வேண்டுமென்றே செய்ததாக எழுதலாமா என்று யோசித்தேன். இல்லை. அக்காவின் சமையலறையில் நிற்கத்தான் அவன் வருகிறான்.*)

4.

மறுபடி சுட்டார்கள். இறுக மூடிய ஜாடியில் ஆறவைத்தார்கள். கெட்டில் அலமாரிக்குள் போனது.

“ஒரு நாள் பூரா மாத்தே இல்லாமலா? செத்தே—” நிக்கானோர் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

“பரவால்லடா.”

இந்த முறை பொடி பனிபோல அலைந்தது. லிசாந்த்ரோ ஆல்கஹாலை வடிகட்டிச் சூடாக்கினான். சீட்டு ஒட்டிய குப்பியைக் கையில் எடுத்தவன் கவிழ்க்கவில்லை.

“போடுங்க மச்சான். அக்காவா இருந்தா இந்நேரம் ரெண்டு தடவ போட்டுத் தொலச்சிருப்பா.”

கவிழ்த்தான்.

5.

முடிவு ஒன்று: வெள்ளை ஊசிகள், விரல் நீளம். (நம்பவில்லை.)

முடிவு இரண்டு: பழுப்புப் பிசுக்கு. அவன் அதைக் கழுவி—

ஆற நான்கு மணி நேரமாகும். அதுவரை மேசை அசையக் கூடாது. நான் எழுதிக்கொண்டிருப்பதும் அதே மேசையில்தான். எழுந்துவிடுகிறேன். நீங்கள் இருந்து பாருங்கள். தொடாதீர்கள்.

---

* என் மைத்துனன் இறுதிச்சடங்குக்குப் பிறகு வரவில்லை. கெட்டிலை வைத்தது நான்.