தானாகத் தெளியும்

கரகுல் ஆட்டுத்தோல் பட்டறையில் ஒன்பது வருஷம் சினை ஆடுகளின் வயிற்றைக் கிழித்தவள் ஹோஸியத். பிறக்காத குட்டியின் தோலுக்குத்தான் கிராக்கி. பாவ புண்ணியம் பார்த்தால் அந்த வேலையில் நிற்க முடியாது. குட்டியின் இமையை விலக்கிப் பார்த்தே, பிறக்க இன்னும் எத்தனை நாள் இருந்தது என்று சொல்லிவிடுவாள். கருவிழி வெள்ளையாகப் புகைந்திருந்தால் இன்னும் நாள் கிடக்கிறது, தெளிந்துவிட்டால் பிறக்கப்போகிறது. அவள் கணக்கு தப்பியதே இல்லை, அதில் தலைக்கனமும் உண்டு.

அவளுக்கே பெண் பிறந்தது, குறித்த நாளுக்கு மூன்று வாரம் முந்தி. இரண்டு கண்ணிலும் அதே வெள்ளை.

"ஒட்டகக் குட்டிக்கு இருக்கிற மாதிரி எவ்ளோ பெரிய கண்ணு, அண்ணி!" என்று நாத்தனார் கொஞ்சினாள்.

புருஷன் எர்கஷுக்கு மட்டும் பொறுக்கவில்லை. "புகாரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டிடுவோம். வெளிச்சம் பட்டா துடிச்சுப்போறாடி."

"பைத்தியமா உங்களுக்கு? நாப்பது நாள் சில்லா முடியாம பச்சப்புள்ள வாசப்படி தாண்டலாமா? ஆயிரம் குட்டி பாத்தவ நான், எனக்கே சொல்லித் தர்றீங்களா? முந்திப் பொறந்தவ, தானா தெளியும்!"

எர்கஷ் வாயை மூடிக்கொண்டான். மூடாமல் சண்டை போட்டிருக்கலாம், பாவி மனுஷன்!

நாற்பத்தோராம் நாள் போனார்கள். டாக்டர் ஸுல்ஃபியா பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"நீ ஆட்டுல பாத்தது நெசம்தாம்மா. கருவுல விழி தண்ணி ஊறி வெள்ளையாத்தான் இருக்கும். உள்பக்கத்துத் தோல் அந்தத் தண்ணிய இறைச்சு எடுத்துடும். விழியில நூல் நூலா இருக்கிறது நெருங்கி வரிசையா படியும், அப்புறம் வெளிச்சம் உள்ள போகும். உன் பொண்ணுக்கு அது வயித்துலயே முடிஞ்சிருக்கணும். ஆனா கண்ணுக்குள்ள நீர் வடிய வழியில்ல. அழுத்தம் ஏறித் திரும்ப ஊறிடுச்சு. கண்ணு பெருத்ததும் அதனாலதான்."

"இப்ப என்ன பண்றது?"

"வழி வெட்டிவிடுறேன். பொறந்த வாரமே வந்திருக்கலாமே!"

அறுவை முடிந்து இரண்டு வாரத்தில் வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. ஒரு காலை, இரண்டு விழியும் கன்னங்கரேலென்று மின்னின. "தெளிஞ்சிடுச்சுங்க! நான் சொன்னேன்ல!" என்று ஹோஸியத் கத்தினாள், சிரித்தாள், பிள்ளையின் முகத்துக்கு நேரே குனிந்து விரலை ஆட்டினாள். கண்கள் அசையவில்லை.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். கண்ணின் பாவை சுருங்கவில்லை.

"விழி தெளிஞ்சிடுச்சும்மா. பின்னால இருக்கிற நரம்பு அழுத்தத்துல செத்துப்போச்சு."

"எப்ப?"

"நீ காத்திருந்த நாள்லதான்."

ஹோஸியத் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு வார்த்தை திட்டுங்களேன்," என்று எர்கஷின் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். அவன் திட்டவில்லை.