நான் சிரிப்பு எண்டு போட்ட பதினொரு வீடியோ

என்ர மனிசன்ட முகத்த வாசிக்க எனக்குக் கொம்பியூட்டர் தேவையில்ல எண்டு ஆராய்ச்சிக்கு வந்த பிள்ளைக்கு முதல் நாளே சொல்லிப்போட்டன். முப்பத்தொரு வருசம் அவரோட குடும்பம் நடத்தினவள் நான். அவர் புருவத்த அசைச்சாலே தேத்தண்ணியா சோறா எண்டு சொல்லுவன். அவ்வளவு வாய் எனக்கு.

அவர் ஸெய்னுதீன். மூதூர்க் கடற்கரையில மீன் ஏலம் கூறினவர். போன வருசம் பாரிசவாதம் அடிச்சு வலது கை, வலது கால், முகத்தில வலது பக்கம் எல்லாம் விழுந்துபோச்சு. பேச்சும் போச்சு. நாம கதைக்கிறது அவருக்கு முழுக்க விளங்கும். ஆனா அவர்ட வாயில வாறது 'தா' எண்ட ஒரு சத்தம் மட்டும். பசிக்கும் தா, தண்ணிக்கும் தா.

பிள்ளைட பேர் லக்சனா. பேச்சு வைத்தியம் படிச்சுப்போட்டு ஆராய்ச்சி செய்யிறா. திருகோணமலையில இருந்து பஸ்ஸில வருவா. பேச்சுப் போன ஆக்கள்ட முகத்தப் பாத்து அவங்க மனசில என்ன கிடக்கு எண்டு சொல்றதுக்கு ஒரு கொம்பியூட்டரப் பழக்கிறாங்களாம். அதுக்கு முதல்ல பராமரிக்கிற ஆக்கள்தான் சொல்லிக் குடுக்கணுமாம். முன் ஹோலில அவர்ட கதிரைக்கு நேரா ஒரு கெமராவ வச்சுப்போட்டுப் போனா. பிறகு வீடியோவத் துண்டு துண்டா வெட்டி, சத்தமில்லாம எனக்குக் காட்டினா. பசி, உடம்பு நோ, கோவம், பயம், சிரிப்பு, வெக்கம் எண்டு கீழ ஆறு பட்டன். நான் கண்ணாடியும் போடாம டக்கு டக்கெண்டு அமத்தினன். இவ்வளவு கெதியா ஒருத்தரும் செய்யல்ல அன்ரி எண்டு அந்தப் பிள்ள சொன்னதும் எனக்குத் தலை கால் தெரியல்ல.

வெள்ளிக்கிழமைகளில ஜும்ஆ முடிய நோய் விசாரிக்க ஆக்கள் வருவாங்க. நான் அவருக்குச் சாரன் மாத்தி, அத்தர் பூசி, முன் ஹோலில கொண்டுவந்து இருத்துவன். ஆரம்பத்தில வந்தவங்க ஒண்டும் பேசாம நிலத்தப் பாத்துக்கொண்டு இருந்திட்டு எழும்பிப் போனாங்க. மையத்துக் கிடக்கிற வீடு மாதிரி இருந்திச்சு. எனக்கு அது ஏலாது. ஒரு நாள் அவரோட ஏலத்தில நிண்ட அபூதாஹிர் வந்திருக்கக்க, என்ர மனிசனப் பாத்து, "ஏலம் கூறுங்க பாப்பம், பாரை மீன் வந்திருக்கு" எண்டன். அவர் "தா" எண்டார். நான் கையத் தூக்கி, அவர்ட பழைய குரலில, "தா, தா, தா" எண்டு ஏலம் கூறிக் காட்டினன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அவர்ட வாயும் இடது பக்கம் இழுபட்டுது. பாருங்க, அவருக்கும் சிரிப்பு எண்டன். அதுக்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் அதுதான். ஆக்கள் கூட வந்தாங்க. உண்மையச் சொன்னா, எனக்கும் அது பிடிச்சுப்போச்சு.

மூணாங்கிழமை லக்சனா படம் கீறின கார்ட் ஆறு கொண்டுவந்தா. நான் பாத்த அதே வீடியோக்கள அவருக்குக் காட்டினா. இந்த நேரம் உங்களுக்கு எப்பிடி இருந்திச்சு எண்டு அவர் இடது கையால ஒரு கார்டத் தொடணும். பசிக்குப் பசி, நோவுக்கு நோ. அதெல்லாம் நான் போட்டதோட சரியா வந்திச்சு. நான் சிரிப்பு எண்டு போட்ட வீடியோ வந்திச்சு. ஒரு ஆள் ரெண்டு கையாலயும் முகத்த மூடிக்கொண்டு இருக்கிற கார்ட அவர் தொட்டார். அது வெக்கம்.

அவருக்குப் படம் விளங்குதில்ல மகள் எண்டன். அந்தப் பிள்ள கார்ட மாத்தி மாத்தி அடுக்கி, திருப்பித் திருப்பிக் காட்டினா. பதினொரு வீடியோ. பதினொரு தரமும் அவர் அதத்தான் தொட்டார். கடைசித் தரம் தொட்டுப்போட்டு விரல எடுக்கவுமில்ல.

கொம்பியூட்டரும் அதச் சிரிப்பெண்டு எடுக்கல்லயாம். சிரிக்கிற ஆள்ட கண் சுருங்குமாம். இவர்ட கண் ஒவ்வொரு முறையும் நிலத்துக்குப் போகுதாம். வாய் இழுபடுறது நல்லா இருக்கிற பக்கம் மட்டும் வேலை செய்யிறதாலதானாம். "என்ன நடந்திச்சு எண்டு சத்தத்தோட பாப்பமா அன்ரி?" எண்டு கேட்டா. எனக்குப் பயமில்ல, போடுங்க எண்டன்.

பதினொண்டும் வெள்ளிக்கிழமை எடுபட்டது. என்ர குரல்தான் வந்திச்சு. "தா, தா, தா." பிறகு ஆக்கள்ட சிரிப்பு. அதுக்குள்ள மெல்லிசா அவர்ட ஒரு "தா." அது கெஞ்சிற சத்தம். அண்டைக்குப் பக்கத்தில நிண்ட எனக்கு அது கேக்கவேயில்ல. அல்லாஹ்வே, ஒரு மனிசி தன்ட புருசனுக்குச் செய்யிற வேலையா இது. பிள்ள போன பிறகு குசினிக்குள்ள நிண்டு அழுதன். அவர்ட முகத்தப் பாக்க எனக்கு முகமிருக்கல்ல. அவரிட்டப் போய் மாப்புக் கேட்டிருக்கலாம். நான் கேக்கல்ல. வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் முன்னால கேக்கிறன் எண்டு நினைச்சன். நாலு பேருக்கு முன்னால செய்தத நாலு பேருக்கு முன்னாலதானே தீக்கணும் எண்டு எனக்குள்ள ஒரு நியாயம்.

வெள்ளி வந்திச்சு. அபூதாஹிரோட ஆறேழு பேர். இருந்ததும் இருக்காததுமா, "ராத்தா, இண்டைக்கு ஏலம் இல்லையா?" எண்டு அபூதாஹிர் கேட்டார். நான் நடுவில நிண்டன்.

"இனி இல்ல. இவ்வளவு நாளும் நான் இவர வச்சு விளையாடினனான். இவர் சிரிக்கல்ல. உங்களுக்கு முன்னால கூனிக் குறுகினவர். சரியாப் பேச ஏலாத மனிசன், பாவம், குழந்தை மாதிரி..."

சொல்லிக்கொண்டே அவரப் பாத்தன். வாய் இடது பக்கம் இழுபட்டிருந்திச்சு. கண் நிலத்தில. வந்த ஏழு பேரும் அவரையே பாத்துக்கொண்டு இருந்தாங்க. மாப்புக் கேக்கிறன் எண்டு வந்து, திரும்பவும் அவர நடு ஹோலில வச்சு நான்தான் ஏலம் கூறிக்கொண்டு இருக்கிறன்.

அவர் மெதுவாத் தலையத் தூக்கினார். இடது கைய நீட்டி என்னக் காட்டினார். பிறகு குசினிக் கதவக் காட்டினார்.

"தா" எண்டார்.

ஒருத்தரும் அதுக்கு அர்த்தம் கேக்கல்ல. ஏழு ஆம்பிளைகளுக்கு முன்னால, என்ர வீட்டில, என்ன உள்ளுக்குப் போகச் சொல்றார். நான் போனன். அந்த ஹோலக் கடந்து குசினிக்குப் போய்ச் சேருமட்டும் என்ர ரெண்டு காதும் சுட்டுது. எங்க பாக்கிறது எண்டு தெரியாம நிலத்தப் பாத்துக்கொண்டுதான் நடந்தன்.