ஒரே கோட்டில் ஒழுகிய மழை

அந்தத் தெருவில் தையல்காரர் வீட்டுக்கு வழி கேட்க வேண்டியதே இல்லை. கடகடவென்ற சத்தமே கையைப் பிடித்துக் கூட்டிப்போய்விடும். சத்தம் பிறக்கும் இடம் அவருடைய படுக்கையறை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் மெஷின். தூக்கத்தில் புரண்டால் அவர் மனைவியின் காலில் இடிப்பது அதன் பெடல்தான்.

மெஷினுக்கென்றே வீட்டின் பின்பக்கம் ஓர் அறை கட்டத் தொடங்கினார்கள். கட்டிடம் வளர வளர அவருக்கு மனசு மாறிவிட்டது.

"புது ரூம்ல ஈரம் இருக்கும். துரு ஏறிடும். என் மெஷின் இங்கேருந்து அசையாது, சொல்லிட்டேன்."

"அப்ப நான் போய் அங்க படுத்துக்கறேன். நீங்க மெஷினைக் கட்டிக்கிட்டுத் தூங்குங்க."

கேளுங்கள் கண்ணுகளா, அன்றைக்கென்று பார்த்து வானம் கறுத்தது. கூரை இன்னும் போடவில்லை. காலையில் பூசிய பூச்சு காயவில்லை. கொத்தனார் தார்ப்பாயை வீட்டுப்பக்கம் தூக்கி, வெளிச்சுவர்ப்பக்கம் சரித்துக் கட்டினார். முடிச்சுப் போட்டு நிமிர்வதற்குள் ஒரு காற்று! தார்ப்பாய் மேலிருந்து கீழ்வரை நட்டநடுவே கிழிந்து தொங்கியது.

"போச்சுக்கா! பூச்செல்லாம் கரைஞ்சு ஓடப்போகுது!" என்று தையல்காரர் மனைவியிடம் கத்தினார் கொத்தனார்.

கிழிசலைக் கண்டால் தையல்காரருக்குக் கை சும்மா இருக்காது. "அவுத்துக் கொண்டாய்யா இங்க!" என்றார். அவ்வளவு பெரிய தார்ப்பாய்க்குப் படுக்கையறையில் ஏது இடம்? கொத்தனாரை ஒருபக்கம் பிடிக்கச் சொல்லி, மெஷினைத் தூக்கிவந்து புது அறையின் நடுவில் போட்டார். ஒரே ஓட்டமாகத் தைத்து முடித்தார். மறுபடி கட்டியதும் மழை கொட்டியது.

உள்ளே சொட். சொட். சொட்.

"என்ன மாஸ்டர், சல்லடை தச்சுக் குடுத்துட்டீங்க! ஊசி போற இடமெல்லாம் ஓட்டை விழாதா?"

தையல்காரர் குழந்தையை அணைப்பதுபோல மெஷின்மேல் கவிழ்ந்து கிடந்தார். முதுகில் தாளம் தப்பாமல் சொட்டிக்கொண்டிருந்தது.

மனைவி அண்ணாந்து பார்த்தாள். அத்தனை சொட்டும் ஒரே கோடு. இந்தப்பக்கம் அந்தப்பக்கம் ஒரு விரல் விலகவில்லை.

"ஏங்க, இவ்ளோ நேராவா தைப்பீங்க!" என்றபடி, கூரை ஓரத்தில் மாட்ட வாங்கிவைத்த அரைவட்டப் பைப்பை இழுத்துவந்தாள். கொத்தனார் அதைத் தையலுக்கு நேர் கீழே, அதே சரிவில் கயிறு போட்டுத் தொங்கவிட்டார். சொட்டெல்லாம் பைப்பில் விழுந்து, ஓடி, வெளிச்சுவர் தாண்டிக் கொட்டியது. பூச்சு தப்பியது. மெஷினும் தப்பியது.

தையல்காரர் மெல்ல எழுந்து முதுகைத் துடைத்துக்கொண்டார்.

"அசையாதுன்னு சொன்ன மெஷினை இங்க யாரு தூக்கிட்டு வந்தா?" என்றாள் அவள். "நான் ஒரு விரல்கூட வைக்கலப்பா. நீங்க சாட்சி, தம்பி."

"டீ வந்தா சாட்சி சொல்றேன்க்கா."

தையல்காரர் சுற்றிலும் பார்த்தார். காலை நீட்டிப் பார்த்தார், எதுவும் இடிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்த மூலையில ஒரு லைட்டு போடணும்யா. கண்ணு தெரியணும்ல?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு டீ போடப் போனாள்.