ஐம்பத்தோராவது குரோமோசோம்

1

மீனை வைத்துக் கதை எழுதுவேன் என்று நானே நினைக்கவில்லை. தண்டலம் பக்கத்தில் விலங்கியல் ஆசிரியை ஒருத்தி, எட்டு வருஷ ஆராய்ச்சியை முடித்தும் சமர்ப்பிக்காமல் வைத்திருக்கிறாள் என்று காதில் விழுந்தது. மீதியெல்லாம் என் சரக்கு. முத்துச்செல்வி என்ற பெயரும்தான்.

2

‘ஒரகடத்தின் புகை கவிந்த வானத்தின் கீழே, ஒரு...’

சீ, வேண்டாம். நேராகவே சொல்கிறேன். அவள் ஆராய்ந்த ஏரிக் கெண்டை மீனுக்கு ஐம்பது குரோமோசோம். சிலவற்றுக்கு மட்டும் ஒன்று கூடுதல். எதற்கென்று தெரியாது, ஒட்டிக்கொண்டிருக்கும். 2008இல் நூறு மீனில் மூன்றுக்கு இருந்தது. 2015இல் இருபத்தொன்றுக்கு. ஒரே ஏரி, சித்திரைக்குச் சித்திரை. [பெயர் வைக்கவில்லை. கம்பெனிச் சுவர்களுக்கு நடுவே மிஞ்சிய ஏதோ ஓர் ஏரி.] திருநெல்வேலியிலிருந்து வந்து ஹாஸ்டலில் கிடந்தவளுக்கு, வரைபடத்தில் மேலேறும் அந்தக் கோடுதான் எல்லாம்.

3

மீனை உயிரோடு பிடித்து, வாளியை பஸ் ஸ்டாப்புக்கே கொண்டுவந்து கொடுப்பவள் கோவிந்தம்மா. [இவளைப் பேராசைக்காரியாக்கிப் பார்த்தேன். கதை சுலபமானது, ஆனால் அவள் அப்படியில்லை.] செல்வி ஏரிக்கரை ஏறியது முதல் வருஷம் மட்டும்தான்.

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்ததும் செல்வி கோவிந்தம்மாவைப் பார்க்கப் போனாள்.

“ஏரியெல்லாம் ஒண்ணாக் கலந்துட்டாமேக்கா?”

“ஆமா கண்ணு. செம்பரம்பாக்கத்து மீனும் நம்ம மீனும் ஒண்ணாக் கெடக்குது. இருந்தா இன்னா? அதுவும் உனுக்கு ஆவுமே.”

“எப்படிக்கா ஆவும்?”

“நம்ம ஏரி காஞ்சப்போ அங்கேர்ந்துதானே வாங்கியாந்து குடுத்தேன். வெயில்ல பஸ்ஸு புடிச்சு வந்துகினு கீற புள்ளைய, வெறும் வாளியோட எப்டி அனுப்பறது?”

ஒரே ஏரி என்று எழுதிவைத்த நோட்டைச் செல்வி எடுத்துப் பிரித்தாள். “எந்தெந்த வருசம்க்கா?”

“யாருக்கு நெனப்பு கீது? ரெண்டு தபாவோ, மூணு தபாவோ.”

4

முடிவு ஒன்று: ஆய்வேட்டில் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். எட்டு வருஷமும் ஆற்றில் கரைத்த புளி.

முடிவு இரண்டு: வாயைத் திறக்கவில்லை. டாக்டர் பட்டம் வந்து, ஒவ்வொரு நாளும் அவள்...

இரண்டையும் அடித்துவிட்டேன். மறுபடி மீன் பிடித்து எண்ண வைக்கலாம் என்றால், கலக்காத அந்த மீன் இனி எந்த ஏரியிலும் இல்லை.

ஆய்வேட்டில் ‘மீன் சேகரித்த இடம்’ என்ற வரி காலியாக இருக்கிறது. நீங்களே நிரப்புங்கள். எதை எழுதினாலும் கோவிந்தம்மாவுக்கு மட்டும் தெரியவேண்டாம். சித்திரைக்கு எத்தனை மீன் வேண்டும் என்று நேற்றுக்கூடச் செல்விக்குப் போன் செய்து கேட்டாள்.