கயிறில்லாத நாட்கள்

“ஏம்மா, தாத்தா என்ன ஆடா, கட்டிப் போட்டிருக்க?” என்று மகள் ஒருநாள் கேட்டதும் வெள்ளைத்தாய் கயிற்றை அவிழ்த்தாள். மாமனார் கருத்தையா, என்றோ விற்றுப்போன ஆடுகளைத் தேடிக் கரிசல் காட்டுக்குள் போய்விடுவார். வயல்வயலாக எருவுக்கு ஆட்டுக்கிடை போட்டுப் பிழைத்த குடும்பம் அது. ஓடுகிற ஆட்டுக்குச் செய்வதையே அவருக்கும் செய்தது.

மறுநாள் கணவனோடு அவரைக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். நர்ஸ் ஆவுடைத்தாய் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னாள்:

“இது பிடிவாதமில்ல தாயி, சீக்கு. மருந்து கெடையாது. ஆட்ட வித்தாச்சுன்னு சொல்லாதீய. அவியளுக்கு ஒவ்வொரு தடவையும் அது புதுச் சாவு. எந்த ஆடுன்னு கேளுங்க. ‘நான் யாரு’ன்னு சோதிக்காதீய, நீங்களே பேரைச் சொல்லுங்க. கட்டாதீய.” பெரியவரிடம் திரும்பினாள். “அண்ணாச்சி, வெளிய போகணும்னா மருமவளக் கூப்பிடுங்க.”

“எந்த மருமவ?”

“பாடம் நல்லா ஏறிட்டு,” என்றான் கணவன் மாயகிருஷ்ணன். “இன்னொரு தடவை ஓடட்டும், நானே கட்டுவேன்.”

அவள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போவதை நிறுத்தி, வீட்டிலேயே பெட்டி ஒட்டினாள். “மாமா, நான் வெள்ளைத்தாய், ஒங்க மவன் பொண்டாட்டி,” என்று நாளைக்கு நாற்பது தடவை சொன்னாள். அந்தக் காலத்துச் செவலைக் குட்டியைப் பற்றிக் கேட்டால் அரைமணி நேரம் பேசுவார். ஒரு மாதம் அப்படிப் போயிற்று. பிறகு பேச்சு குறைந்தது. அவளைத் திருடி என்று கம்பை ஓங்கினார். அவர் தேற வேண்டுமென்று அவள் சாமியிடம் கேட்கவில்லை. பொறுமையை மட்டும் கேட்டாள்.

ஒரு மத்தியானம் பசை காய்ச்சி இறக்கிவிட்டுத் திரும்பினால் ஆளைக் காணோம். பக்கத்து வீட்டுத் தங்கசாமியின் ஆட்டுப்பட்டிப் படல் திறந்து கிடந்தது. ஆடுகள் தங்கசாமியின் சொந்தப் பருத்திக்குள்ளேயே மேய, நடுவில் கருத்தையா கம்பூன்றி நின்றார். யாரும் வருமுன் ஆடுகளை அடைத்து, அவரை வீட்டில் கொண்டுவந்து உட்கார வைத்தாள்.

சாயந்திரம் தங்கசாமி வந்தார். “ஏலே மாயகிருஷ்ணா, படலத் தொறந்தது ஒங்கப்பனா?”

மாயகிருஷ்ணன் எழுந்து கயிற்றை எடுத்தான்.

“நாந்தான் அண்ணாச்சி,” என்றாள் வெள்ளைத்தாய். “வெறகு பொறக்கப் போயி, படலச் சாத்த மறந்துட்டேன்.”

“இந்த வீட்டுல மறதி தொத்துநோயா, ஏட்டி?” கோபம் தீருமட்டும் ஏசினார். கணவனும் சேர்ந்துகொண்டான். அவள் தலைகுனிந்து நின்றாள்.

கல்யாணமாகி வந்த வருஷம், மேய்ச்சலில் அவள் கண்ணயர்ந்தபோது ஆடுகள் அயலார் பருத்தியை அழித்துவிட்டன. “தூங்குனது நாந்தான்,” என்று ஊர்க்கூட்டத்தில் விழுந்து கும்பிட்டவர் கருத்தையா. தூங்கியது அவள் என்பதை அவர் ஒருவரிடமும் சொன்னதில்லை. இப்போது அவருக்கே அது நினைவில்லை.