மார்க் ஏறக்கூடாத தெரு

பதினோரு மணிக்கு மதிப்பீட்டாளர் வருவார். பத்து ஐம்பதுக்கு டெய்லரக்காவின் ஊசிக்குள் நூல் போக மறுத்தது.

அந்தத் தெருவின் இருபது வீடுகளும் ஒரே கம்பெனிக்குச் சொந்தம். வருடத்துக்கு ஒருமுறை மதிப்பீட்டாளர் படிவத்தோடு வந்து, தெருவுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுவார். மார்க் ஏறினால் வாடகை ஏறும். போன வருடம் கோடி வீட்டுக்காரர் ஆசைப்பட்டுக் கதவுக்கு நீலப் பெயின்ட் அடித்துத் தொலைத்தார். தெருவுக்கே நாலு மார்க் கூடியது. அன்றிலிருந்து அவரோடு யாருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

இந்த வருடம் இன்னும் இரண்டு மார்க் ஏறினால் போதும், அக்கா மெஷினைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். எங்கே போவாள்? அளவுகூடக் கொடுக்காமல் துணியை வீசிவிட்டுப் போகிற வாடிக்கையாளர்கள் எல்லாரும் இந்த ஒரு தெருவுக்குள்தான் இருந்தார்கள்.

ஆகவே தெரு அலங்கோலப்படுத்தப்பட்டது. பூந்தொட்டிகள் கட்டிலுக்கடியில் பதுங்கின. கிழிந்த போர்வைகள் கொடியேறின. பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு மூட்டை குப்பை இரவல் வந்தது.

மிச்சமிருந்தது ‘அக்கம்பக்கத்து உறவு’ என்ற பத்து மார்க். அதைக் கவிழ்க்கும் பொறுப்பு அக்காவுக்கும் பக்கத்து வீட்டு பஸ் டிரைவருக்கும். டிரைவர் யூனியன்காரர். வீடுகளை எல்லாம் அரசாங்கமே எடுத்து நடத்த வேண்டும் என்பவர். அக்கா வியாபாரிகள் கட்சி. சட்டைக்கு நான் கூலி சொல்கிறேன், வீட்டுக்குக் கம்பெனிக்காரன் வாடகை சொல்கிறான், நடுவில் அரசாங்கத்துக்கு என்ன வேலை என்பவள். பதினோரு வருடச் சண்டை. ஒத்திகையே தேவையில்லை.

மதிப்பீட்டாளர் வந்தார். ஒல்லி மனிதர், கையில் அட்டை, காதில் பேனா. அவர் தலை தெரிந்ததும் ஆரம்பித்தார்கள்.

“முதலாளி சட்டைக்குக் காஜா எடுக்கிற கட்சிதானே உங்க கட்சி?”

“உங்க கட்சிக்கு ரிவர்ஸ் கியரைத் தவிர வேற கியர் உண்டாண்ணே?”

மதிப்பீட்டாளர் நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தார். முகத்தில் பரவசம். துடிப்பான தெரு, இந்த மாதிரி இடத்தைத்தான் இப்போது வசதியானவர்கள் தேடி வருகிறார்கள் என்று சொல்லி, பத்துக்குப் பத்து போட்டார்.

இருவரும் வாயடைத்து நின்றார்கள். ‘அமைதி’ என்ற கட்டத்தில் இன்னொரு ஐந்து விழுந்தது.

அக்கா பதறிப்போய் வாயில் வந்ததைச் சொன்னாள்.

“நீங்க சொல்றது சரிதாண்ணே. வாடகை அநியாயம்தான்.”

பிரேக் அறுந்த பஸ்ஸில் உட்கார்ந்தவர்போல டிரைவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க சொல்றதும் சரிதான்க்கா. அரசாங்கம் நடத்தினா குழாயில தண்ணி வருமான்னு எனக்கே சந்தேகம்தான்.”

பேனா நின்றது. மதிப்பீட்டாளர் படிவத்தைத் திருப்பினார். பின்பக்கம் சிவப்பில் ஒரே வரி: குடியிருப்போர் ஒன்றுசேரும் அறிகுறி தென்பட்டால் முப்பது மார்க் கழிக்கவும். ஆனால் வாய்ப்பேச்சு செல்லாது. இருவரும் ஒப்புக்கொள்ளும் ஒரு வாக்கியம், இருவர் கையெழுத்தோடு, அரை மணிக்குள் வேண்டும் என்றார்.

அதில் இருபத்தேழு நிமிடம் முதல் வார்த்தையிலேயே போனது. ‘உழைக்கும் மக்களாகிய நாங்கள்’ என்றார் டிரைவர். ‘ஒழுங்காக வாடகை கட்டும் நாங்கள்’ என்றாள் அக்கா. ‘மக்களாகிய’வை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சமரசம் எழுந்து, எழுந்த வேகத்தில் படுத்தது. மதிப்பீட்டாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா பேனாவைப் பிடுங்கி எழுதினாள்: நாங்கள் இங்கிருந்து போகமாட்டோம்.

டிரைவர் அதை மேலும் கீழும் பார்த்தார். எதிர்க்க ஓர் இடம் அகப்படவில்லை. பல் பிடுங்கக் கொடுப்பவர்போல் முகத்தைச் சுளித்துக் கையெழுத்துப் போட்டார்.

முப்பது கழிந்தது. இந்த வருடம் வாடகை இறங்கும் என்று அறிவித்தும் மதிப்பீட்டாளர் எழுந்திருக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

“இங்க காலி வீடு ஏதாவது இருக்குங்களா? எங்க தெருவுக்கும் நான்தான் மார்க் போடறேன். போன மாசம் தொண்ணூறு போட்டுட்டேன்.”

எதிர்வீடு மூன்று மாதமாகப் பூட்டிக் கிடந்தது. எல்லாருக்கும் வீடு வேண்டும் என்று மேடைக்கு மேடை முழங்கும் டிரைவர் அக்காவைப் பார்த்தார். யாரும் எங்கும் போட்டிக்கு வரலாம் என்னும் அக்கா டிரைவரைப் பார்த்தாள்.

“இல்லீங்க” என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.